நிகோடெமு எப்படி நடப்பான்

யூசெபியா ம்பானோவுக்கு ஒரு சங்கதி புரியவில்லை என்றால் சோறு இறங்காது. இரிங்காவில் சுடாத கல் பயிற்சி தொடங்கிய முதல் வாரமே ம்காயா வாத்தியாரின் பிராணனை வாங்கிவிட்டாள். செம்மண்ணைச் சலித்து, பேருக்குக் கொஞ்சம் சிமெண்டு கலந்து, இரும்புப் பெட்டியில் கொட்டி, நீளக் கைப்பிடியில் தொங்கி அழுத்தினால் கல் வருகிறது. சூளை கிடையாது, விறகு கிடையாது, புகை கிடையாது. சரி, ஆனால் மழையில் ஏன் கரையவில்லை? காய்ந்த கல்லை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தாள். ஈரக் கல்லைப் பிட்டுப் பார்த்தாள். யாரும் பார்க்காதபோது ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, சொங்கேயாவுல எலி தீந்துபோச்சா? மண்ணைத் திங்க ஆரம்பிச்சுட்டே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஃபெஸ்டோ கிகோட்டி. கொத்தனார், செங்கல் சூளை போடுவதிலும் பேர் வாங்கிய ஆள். இரிங்காவில் பாதி வீடு அவன் சுட்ட கல்லில்தான் நிற்கிறது. சூளை மரத்தைத் தின்கிறது, இனி அரசாங்கக் கட்டடத்துக்குச் சுட்ட கல் வேண்டாம் என்று ஆனதும் அவனும் சுடாத கல் படிக்க வந்துவிட்டான். நெருப்போடு வாழ்ந்தவனைக் கூப்பிட்டு நெருப்பு கெட்டது என்று பாடம் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் முணுமுணுக்காமல் வந்து உட்கார்ந்தான்.

"எங்க எலி தீரலடா. உங்க ஊர்ல நாய் தீந்துட்டா நீ எங்க தெருப்பக்கம் வராம இருந்தா சரி" என்றாள் யூசெபியா.

கொட்டகையே சிரித்தது. அவன் ஹேஹே, அவள் சொங்கேயாப் பக்கத்து ங்கோனி; ஹேஹே நாய் தின்னி, ங்கோனி எலி தின்னி என்பது பழைய கேலி. முப்பாட்டன் காலத்தில் இரண்டு கூட்டமும் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். ஓய்ந்த பிறகு இனி வாயால் மட்டும் வெட்டிக்கொள்வது என்று ஆகிப்போனது. அந்தக் கேலிமுறைக்குத்தான் உத்தானி என்று பெயர். முறைக்காரனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் கையில் இருப்பதைப் பட்டப்பகலில் பிடுங்கலாம். பிடுங்கக் கொடுத்தவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சும்மா விடவும் கூடாது. கத்தி ஊரைக் கூட்டி, திருடி திருடி என்று மானத்தை வாங்கி, பேரம் பேசி, எதையாவது கொடுத்து மீட்க வேண்டும். அதில்தான் ருசியே.

முதல் வாரம் யூசெபியா அவன் கரண்டியைப் பிடுங்கினாள். அடடா, என்ன ஒரு நாள் அது! கிகோட்டி அவளைக் கல் அடுக்கைச் சுற்றி விரட்டினான். மண் மேட்டில் ஏறி நின்று, "ஹேஹே ஜனங்களே, வந்து பாருங்க, ஒரு எலி என் கரண்டியைக் கவ்விக்கிட்டு ஓடுது" என்று கூவினான். கடைசியில் கொட்டகை முழுக்கத் தேநீரும் எண்ணெயில் பொரித்த மந்தாசியும் வாங்கிக் கொடுத்துத்தான் மீட்டான். மந்தாசியில் ஒன்றைப் பாதி கடித்துவிட்டு அவளிடம் கொடுத்ததையும் சொல்ல வேண்டும்.

அதனால்தான் மூன்றாம் வாரத் திங்கட்கிழமை நடந்தது அவளுக்குப் புரியவில்லை. அன்று அவனுடைய ரசமட்டத்தைப் பிடுங்கினாள். பித்தளை விளிம்பு வைத்த பழைய மட்டம், தேய்ந்து பளபளத்தது. கொத்தனாரிடம் அதைப் பிடுங்குவது கரண்டியைப் பிடுங்குவது போல் அல்ல. இந்தச் சுடாத கல்லுக்கு நடுவில் கலவை கிடையாது, ஒன்றின் மேட்டை மற்றதன் குழியில் மாட்டி அடுக்குவதுதான். அடிவரிசை மட்டம் தப்பினால் மேலே சரிக்கட்ட வழியே இல்லை. ஆகவே பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, ஓடுவதற்குத் தோதாகச் செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள்.

கிகோட்டி மட்டத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "வெச்சுக்க" என்றான். "உன் கைக்கு நல்லா இருக்கு."

"ங்கோனி ஜெயிச்சுட்டா!" என்று கூட்டம் கைதட்டியது. தச்சன் லொங்கினோ கொம்பா, அவனும் ங்கோனிதான், விசில் அடித்தான். யூசெபியாவும் மட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவளுக்கு வாயில் ருசியே இல்லை. ஓடத் தயாராக நின்றவளை யாரும் விரட்டவில்லை என்றால் நின்ற இடம் அசிங்கமாக இருக்காதா?

மறுநாள் அடிவரிசை வைக்கும் வேலை. மட்டத்தைக் கேட்டு அவன் வருவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அவன் வரவில்லை. "நீங்க வைங்கப்பா, நான் மண் சலிக்கிறேன்" என்று ஒதுங்கிக்கொண்டான். இரிங்காவில் பாதியைக் கட்டியவன் சித்தாள் வேலைக்குப் போய் நின்றான்.

இது என்னடா இது என்று அவளுக்கு உள்ளே அரித்தது. சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். மத்தியானம் உகாலிக் களியும் பீன்ஸும் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில், அவன் சட்டைப் பையிலிருந்த சின்ன ரேடியோவை உருவினாள். கால்பந்துச் செய்தி கேட்காமல் அவனுக்குப் பொழுது விடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவன் திரும்பினான். அப்பாடா, இப்போது கத்துவான் என்று நினைத்தாள். அவன் இன்னொரு பையில் கைவிட்டு இரண்டு பேட்டரியை எடுத்து நீட்டினான்.

"இதையும் வெச்சுக்க. புதுசு. உள்ள இருக்கிறது தீரப்போகுது."

"டேய், நான் உன்னைக் கொள்ளையடிக்கிறேன்டா. கொஞ்சமாவது மரியாதை கொடு" என்றாள்.

"உங்கிட்ட இருந்தா பாட்டாவது பாடும்" என்றான் கிகோட்டி. கையை உதறிக்கொண்டு மண் சலிக்கப் போய்விட்டான்.

புதன்கிழமை மத்தியானம் மனசு வகுப்பு. கல் வகுப்புக்கும் மனசு வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எல்லாரும் கேட்டார்கள். சாரத்திலிருந்து விழுந்து சாகிற கொத்தனாரைவிட மனசு ஒடிந்து சாகிறவர்கள் குறைச்சல் இல்லை என்று பயிற்சி நடத்துகிறவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காக நர்ஸ் ரெஹேமா வருவாள். வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவரையும், "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். ஒவ்வொருவரும், "நல்லா இருக்கு" என்பார்கள். வட்டம் முடிந்துவிடும்.

அன்று ரெஹேமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஊர்ல எவன்தான் நல்லா இல்லன்னு சொல்லியிருக்கான்? வீட்டுல பொணத்தைக் கிடத்திட்டு வந்தவன்கூட, என்ன சேதின்னா, நல்ல சேதிதான்னு சொல்லிட்டு, அப்புறம்தான், ஆனா அம்மா போயிட்டாங்கன்னு சொல்லுவான். நான் அந்த ஆனாவுக்காகத்தான் மூணு வாரமா உக்காந்திருக்கேன்."

"நர்சம்மா, எனக்கு ஒரு ஆனா இருக்கு" என்றான் கொம்பா. "மனசு நல்லா இருக்கு, ஆனா கால் கடிக்குது."

எல்லாரும் அவன் காலைப் பார்த்தார்கள். நல்ல தோல் பூட்ஸ், முனையில் இரும்பு வைத்தது. "கிகோட்டிகிட்ட பிடுங்கினேன்" என்று பீற்றிக்கொண்டான். "மழைக்கோட்டும் பிடுங்கினேன். சண்டையே போடல, பாவம், ங்கோனிக்குப் பயந்துட்டான். ஆனா பூட்ஸ் சின்னது. இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இவ்வளவு சின்னக் காலா?"

சிரிப்பு. கிகோட்டியும் புன்னகைத்தான். "உன் காலு பெருசு இல்ல, கொம்பா. எலி வளைக்குள்ள போயி வந்து வீங்கிப்போச்சு" என்றான். நல்ல பதில்தான். ஆனால் சொன்ன விதத்தில் உப்பே இல்லை என்று யூசெபியாவுக்குப் பட்டது.

அவள் அவன் பாதத்தைப் பார்த்தாள். பழைய ரப்பர் செருப்பில் தோணி போன்ற பாதம். அந்தப் பூட்ஸில் அவன் ஒரு நாளும் கால் நுழைத்திருக்க முடியாது. அப்படியானால் யாருடையது? தனக்குச் சேராத பூட்ஸை ஒருவன் எதற்கு ஊரிலிருந்து சுமந்துகொண்டு வந்தான்? சுமந்து வந்தவன் ஏன் சண்டைகூடப் போடாமல் கொடுத்தான்? ஜூன் மாதத்து இரிங்காக் குளிரில் மழைக்கோட்டையும் கொடுத்துவிட்டு எதைப் போர்த்திக்கொண்டு திரிகிறான்?

வகுப்பு முடிந்ததும் தேநீர்க் கொட்டகையில் ரெஹேமாவைப் பிடித்தாள். ரெஹேமா சிங்கிதா பக்கத்துக்காரி. ஹேஹே–ங்கோனி விவகாரம் அவளுக்கு வேடிக்கைதான், உறவில்லை.

"நர்சம்மா, ஒரு சந்தேகம். ஒருத்தன் தன் சாமானையெல்லாம் கேக்கக் கேக்கக் கொடுத்துக்கிட்டே இருந்தா என்ன அர்த்தம்?"

ரெஹேமா கிளாஸைக் கீழே வைத்தாள். "யாரு?"

"கிகோட்டி. மட்டம், ரேடியோ, பூட்ஸ், கோட்டு. நாங்க பிடுங்குறது வழக்கம்தான். திருப்பிக் கேக்காம இருக்கிறதுதான் வழக்கமில்ல."

"ஏதாவது சொல்லுறாரா? போறேன் வர்றேன்னு?"

யூசெபியா சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். "அவனா? போன வாரம் வந்து, உன் மண்வெட்டியைத் தீட்டி வையுடி, சீக்கிரம் வேலை வரும்னான். முறைக்காரங்கதானே குழி வெட்டணும், சாவு வீட்டுல நாங்கதானே எல்லாம். நான் சொன்னேன், உனக்குக் குழி வெட்ட எனக்கு ரெண்டு ஆடு வேணும், ஒண்ணுக்கு மசிய மாட்டேன்னு. எல்லாரும் அப்படி..." அப்போதுதான் தான் சொல்வது அவள் காதிலேயே விழுந்தது.

இதைத்தான் நினைத்து நினைத்து மனசு ஆற மாட்டேன் என்கிறது. ஒரு மனுஷன் நடு முற்றத்தில் நின்று, உச்சிவெயிலில், கேட்கிற குரலில் சொல்லியிருக்கிறான். சொன்ன இடம் உத்தானி. அங்கே எதைச் சொன்னாலும் அது வேடிக்கை. ஊரே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது.

ரெஹேமா நேரே போய்க் கிகோட்டியோடு பேசினாள். சலிக்கிற இடத்தில், அரை மணி நேரம். திரும்பி வந்தவள் முகத்தில் தோல்வி எழுதி ஒட்டியிருந்தது.

"நல்லா இருக்கேம்மா, நன்றிம்மா, அவ்வளவுதான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வான்னேன், அதுக்கும் சரிம்மான்னாரு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம். வாயை யாரு திறக்கிறது? நீ கேளு. சுத்தி வளைக்காதே. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளு. கேக்கிறதால அந்த நினைப்பு வந்துடாது, அது பொய். கேட்டா பாரம் குறையும்."

"எனக்கும் அவனுக்கும் நடுவுல நேர்ங்கிறதே கிடையாதே நர்சம்மா."

ஆனாலும் போனாள். அவன் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நாலைந்து பேர் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் அது தோன்றவில்லை.

"கிகோட்டி, உண்மையைச் சொல்லு. சாகப் போறியா?"

அவன் சல்லடையை நிறுத்தினான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் கண்ணில் ஏதோ வந்தது. "ஆமா. மண்வெட்டி தயாரா?" என்றான்.

மண் அள்ளியவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். யூசெபியாவும் சிரித்துவிட்டாள். முப்பது வருஷமாக உத்தானிக்குப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. சிரித்த பிறகுதான் அவன் கண்ணில் வந்தது அணைந்துபோனதைப் பார்த்தாள். தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவள் நேரே லுவாண்டாவிடம் போனாள். லுவாண்டா பெயிண்டர், ஹேஹே, கிகோட்டியின் ஊர்க்காரன். பயிற்சி விடுதியில் அடுத்த அறை.

"அந்தப் பூட்ஸ் யாருது?" என்றாள்.

லுவாண்டா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தான். "உனக்கெதுக்கு?"

"எதுக்குன்னு தெரிஞ்சா நான் ஏன் கேக்கப்போறேன்? சொல்லுடா."

"நிகோடெமுவோடது. அவன் தம்பி. மழைக்கு முந்தி ரெண்டு பேரும் டொடோமாவுக்கு வேலைக்குப் போனாங்க, அங்க சாரத்துலேந்து விழுந்து போயிட்டான். கோட்டும் அவனோடதுதான்."

யூசெபியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி செத்தானா? எங்க பொதைச்சாங்க?"

"அங்கேயே. கட்டடக்காரன் அவசரப்படுத்திட்டான். மறுநாளே. ஊருக்கே அப்புறம்தான் தெரியும். கிகோட்டி திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசல. பொண்டாட்டிகிட்டகூடப் பேசலையாம். நாங்களும் கேக்கல."

"முறைக்காரங்க யாரு போனாங்க?"

"யாரும் போகல."

"யாரும் போகலையா?" அவள் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "ஒரு ஹேஹேக்காரனை ஒரு ங்கோனிகூட இல்லாமலா பொதைச்சீங்க? அவனை யாரு திட்டினா? அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு யாரு ஆடினா? அழுதவன் வாயிலேந்து யாரு சிரிப்பைப் பிடுங்கினா? கோழியைப் பொதைக்கிற மாதிரிப் பொதைச்சுட்டு வந்திருக்கீங்களேடா!"

அவளுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பாதி அந்தச் செத்தவனுக்காக. மறுபாதி, சொல்லித்தான் ஆக வேண்டும், தன் உரிமை போனதற்காக. சாவு வீட்டில் செத்தவனின் கோட்டை மாட்டிக்கொண்டு, அவனைப் போல இருமி, அவனைப் போல நடந்து, அவன் கஞ்சத்தனத்தையும் குடியையும் சந்தி சிரிக்க வைப்பது முறைக்காரியின் வேலை. அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர்களுக்கு அழுகை முழுசாக வரும், பிறகு பசி வரும். அது நடக்காமல் கிகோட்டி இத்தனை மாதம் அந்தச் சாவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்.

"உக்காரு. நிகோடெமுவைப் பத்தி எல்லாத்தையும் சொல்லு. எப்படி இருமுவான், என்ன பாடுவான், எவகிட்ட வழிவான். ஒண்ணு விடாதே" என்றாள்.

"எதுக்கு?"

"பிந்திப்போன சாவு வீட்டுக்குப் போகப்போறேன்."

அன்றிரவு கிகோட்டியைத் தனியே விடக்கூடாது என்று ரெஹேமா சொல்லியிருந்தாள். குளிருது, என் அறை ஜன்னல் உடைஞ்சுபோச்சு என்று பொய் சொல்லி லுவாண்டா தன் பாயை அவன் அறைக்குக் கொண்டுபோனான்.

காலையில் தேநீர் நேரம். எல்லாரும் கல் அடுக்கின் நிழலில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். ரெஹேமா ஆஸ்பத்திரி வண்டியோடு வந்திருந்தாள், வண்டியை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு அவளும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டாள். யூசெபியா சொல்லிவைத்த யோசனையை அவள் முழுசாக நம்பவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாமான் அறைக் கதவு திறந்தது. கொம்பாவிடம் வாங்கிய மழைக்கோட்டும் பூட்ஸுமாக, குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு யூசெபியா வந்தாள். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, போலீஸ்காரன் போல நடந்து வந்து நடுவில் நின்றாள். இருமினாள். துப்பினாள்.

"வணக்கம். நான் நிகோடெமு கிகோட்டி. செத்துப்போனவன்."

ஒருவர் கையிலிருந்த மந்தாசி அப்படியே நின்றது. கிகோட்டி தலை நிமிரவில்லை.

"செத்துட்டேன்னுதான் சொல்லிக்கிறாங்க. ஆனா என் சாவுக்கு ஒரு ங்கோனிகூட வரல. அதனால எனக்குச் சந்தேகம், பாதிதான் செத்திருக்கேனோன்னு. மேல போனா, ரசீது எங்கேங்கிறாங்க. கீழ வந்தா, எவனும் பேச மாட்டேங்கிறான். என் அண்ணன்கூடப் பேசல. அவன் எப்பவுமே இப்படித்தான், கல்லு சுட்டுச் சுட்டு மூஞ்சியும் செங்கல்லா போச்சு."

லுவாண்டாவின் வாயோரம் துடித்தது.

"டொடோமாவுல பெரிய மனுஷங்களுக்கு ஆறு மாடி கட்டினேன். என் வீட்டுக் கக்கூஸுக்குக் கதவு கிடையாது. மாமியார் உள்ள இருந்தா பாடிக்கிட்டே இருக்கணும், யாரும் வந்துடக் கூடாதுன்னு. அதனாலதான் எங்க வீட்டுல எப்பவும் பாட்டுச் சத்தம்."

லுவாண்டாவால் அடக்க முடியவில்லை. "நெஜம்! சாமி சத்தியமா நெஜம்!" என்று தொடையில் அடித்துக்கொண்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கிகோட்டியைப் பார்த்தார்கள். அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொம்பா மெல்ல எழுந்து அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். "போதும் யூசெபியா. வேணாம்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஓர் உயிரோடு விளையாடுகிறோமோ, இதனாலேயே இவன் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். நிறுத்திவிடலாம். நிறுத்தினால் என்ன ஆகும்? அவன் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுவான், அதையே சொல்லிக்கொண்டு இறங்குவான். அவள் கொம்பாவின் கையைத் தட்டிவிட்டு மறுபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள்.

"அவன் அப்படி நடக்க மாட்டான்."

குரல் யாருடையது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு கரகரத்திருந்தது. கிகோட்டிதான்.

யூசெபியா இடுப்பில் கை வைத்தாள். "அட! செத்தவன் நான். என் நடை எனக்குத் தெரியாதா? நீ யாரு சொல்றதுக்கு?"

"போலீஸ்காரன் மாதிரி நடக்கிறே. அவன் அப்படி நடக்க மாட்டான்."

"பின்ன எப்படி நடப்பேன்?"

"இடது பாதம் உள்ள திரும்பும். சின்னதுல மாட்டுவண்டியில மாட்டிக்கிட்டான்."

இவள் வலது பாதத்தை உள்ளே திருப்பி, வேண்டுமென்றே வாத்து மாதிரி நடந்து காட்டினாள். "இப்படியா?"

"இடதுன்னு சொன்னேன்."

"இப்படியா?"

"இல்லடி மூதேவி! தள்ளு." அவன் எழுந்துவிட்டான். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டான். தலையைக் கோணலாக வைத்து, ஏதோ ஒரு மெட்டைப் பல்லிடுக்கில் விசிலடித்தபடி, இடது பாதத்தைக் கொஞ்சமாக உள்ளே வாங்கி, முற்றத்தின் குறுக்கே நடந்தான். அவசரமே இல்லாத நடை. வேலைக்குப் பிந்திப் போகிறவனின் நடை.

"அவனேதான்!" என்று கத்தினான் லுவாண்டா. "ஐயோ, அவனேதான்!"

கொட்டகை அதிர்ந்தது. முற்றத்தின் கோடியில் திரும்பியபோது கிகோட்டியும் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். குலுங்கல் நிற்கவில்லை, சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. சுவரில் கை ஊன்றிக்கொண்டு, பிறகு அதன் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு, அவ்வளவு பெரிய மனுஷன் வாய்விட்டு அழுதான்.

அழுகைக்கு நடுவே அவன் பேசினான்.

"சாரத்தை நான்தான் கட்டினேன். அவன் கேட்டான், அண்ணா, அந்தக் கட்டு தளர்வா இருக்கேன்னு. நான்தான் ஏறுடா சோம்பேறின்னேன்."

எல்லாரும் யூசெபியாவைப் பார்த்தார்கள். அவள் முறை. ஹேஹே ஒன்று சொன்னால் ங்கோனி ஒன்று திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், அது உத்தானி. அவள் நாக்கில் ஒன்று வந்தும்விட்டது. நல்ல கேலிதான் அது, ஊரே சிரித்திருக்கும். அவள் அதை விழுங்கினாள். அப்படி ஒன்றை அவள் தன் ஆயுளில் விழுங்கியதில்லை.

குல்லாவைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

அவன் அவள் முகத்தில் சிரிப்பைத் தேடினான். கிடைக்கவில்லை.

"அப்புறம் எனக்கும் போயிடணும்னு தோணிச்சு" என்றான். "இப்பவும் தோணுது. ராத்திரி பகல் தோணுது."

ரெஹேமா கிளாஸை வைத்துவிட்டு மெதுவாக வந்து அவனுடைய மறுபக்கம் உட்கார்ந்தாள். லுவாண்டாவும் கொம்பாவும் நகர்ந்து வந்தார்கள். கிகோட்டி கட்டைப் பற்றிச் சொன்னான், கயிற்றின் ஈரத்தைப் பற்றி, அந்தக் காலை வெயிலைப் பற்றி, தம்பி அதற்கு முன்தினம் வாங்கிக் கொடுத்த வறுத்த கோழியைப் பற்றிச் சொன்னான். வரிசை இல்லாமல், நின்று நின்று சொன்னான்.

கல் காய்ந்துகொண்டிருந்தது, தண்ணீர் தெளிக்கிற நேரம் தாண்டிவிட்டது. ம்காயா வாத்தியார் அலுவலகத்திலிருந்து வேகமாக வந்தார், வேலையை விட்டுவிட்டு எல்லாரும் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று வாயைத் திறந்தார்.

யூசெபியா திரும்பாமலே கையை உயர்த்தினாள். "இருங்க வாத்தியாரே. பேசிக்கிட்டிருக்கான்."